மாவு பாக்கெட் உப்புது, ரிட்டர்ன் வருது, சூப்பர் மார்க்கெட் கடன் கேட்குது: இப்போ பெரிசாக்கலாமா?

உறையூர்_அடுப்படி:

எல்லாருக்கும் வணக்கம். திருச்சி உறையூரில் நானும் என் நாத்தனாரும் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறோம். 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்று, வீட்டு ஃபிரிட்ஜ் 190 லிட்டர் ஒன்று, அவ்வளவுதான் சாமான். தினம் 60 கிலோ போகுது. அதில் 20 கிலோ வீட்டு வாசலிலேயே கிலோ 60 ரூபாய்க்கு. மீதி 40 பாக்கெட்டை ஆறு மளிகைக் கடைக்கு 50 ரூபாய்க்குக் கொடுக்கிறோம், அவங்க 60க்கு விக்கறாங்க.

பிரச்சனை மூணு.

ஒண்ணு, கடைக்குப் போற பாக்கெட் சாயங்காலத்துக்குள்ள பந்து மாதிரி உப்பிடுது. சிலது வாய் பிரிஞ்சு ஒழுகுது. 40 கொடுத்தா எட்டு, ஒன்பது திரும்பி வருது. வெயில் காலத்தில் இன்னும் மோசம்.

ரெண்டு, பக்கத்தில் நாலைந்து கிளை வைத்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் தினம் 60 பாக்கெட் கேட்கிறாங்க. ஆனா எம்.ஆர்.பி.யில் 20 சதவீதம் அவங்களுக்கு, 15 நாள் கடன், விக்காதது ரிட்டர்ன். எம்.ஆர்.பி. 60க்கு மேல போகக்கூடாதுன்னு வேற சொல்றாங்க.

மூணு, வங்கியில் முத்ராவில் 3 லட்சம் வரை தர்றோம்னு சொல்றாங்க. 40 லிட்டர் கிரைண்டர் வாங்கிடலாம்னு நாத்தனார் சொல்றா. எனக்குத் தைரியம் வரல. எல்லாச் செலவும் போக கையில் என்ன நிக்குதுன்னே சரியாத் தெரியல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கணக்குப்பிள்ளை:

கடைசியாகச் சொன்னீர்களே, கையில் என்ன நிற்கிறது என்று தெரியவில்லை என்று, அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கீழே நான் போடும் விலை உத்தேசம். உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள், முறை அதேதான்.

இட்லி அரிசி 4 கிலோ, கிலோ 46 வீதம் 184. முழு வெள்ளை உளுந்து 1 கிலோ 130. வெந்தயம், உப்பு சேர்த்து 5. ஆக 319 ரூபாய். இந்த 5 கிலோ உலர் சரக்கிலிருந்து சுமார் 11 கிலோ மாவு வரும். கல்லிலும் பாத்திரத்திலும் ஒட்டுவது போக 10.7 என்று வையுங்கள். மூலப்பொருள் மட்டும் கிலோவுக்கு 30 ரூபாய்.

அதற்கு மேல் அச்சடித்த கவர் 3, கரண்ட் 2, பெட்ரோல் 2.50, தண்ணீர், ஐஸ், சோப்பு எல்லாம் 1, கல் கொத்துவது, பெல்ட், மோட்டார் தேய்மானம் 1.50. இதுவரை 40 ரூபாய்.

கூலியை இன்னும் சேர்க்கவில்லை. வீட்டுப் பெண்கள் நடத்தும் தொழிலில் கணக்கில் விட்டுப்போகிற செலவு எப்போதும் இதுதான். ஆளுக்கு நாளைக்கு 450 என்றால் இரண்டு பேருக்கு 900. அறுபது கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 15. ஆக உங்கள் மாவின் உண்மையான அடக்கம் 55 ரூபாய். கடைக்கு 50க்குக் கொடுக்கிறீர்கள்.

இப்போது ஒரு நாளைப் பாருங்கள். வாசலில் 20 பாக்கெட், 1,200 ரூபாய். கடையில் 40 கொடுத்து 9 திரும்பினால் 31, அதாவது 1,550. மொத்த வரவு 2,750. கூலி இல்லாத செலவு 60 கிலோவுக்கு 2,400. மிச்சம் 350. இரண்டு பேர் விடிகாலையிலிருந்து அரைத்ததற்கு ஆளுக்கு 175 ரூபாய்.

ரிட்டர்ன் 9 என்பது 2 ஆனால் என்ன ஆகும்? வரவு 3,100, மிச்சம் 700. ஒரு பாக்கெட் கூட அதிகம் அரைக்காமல் இரண்டு மடங்கு. அதன் பிறகு வாசல் விலையையும் கடை விலையையும் ஐந்து ரூபாய் ஏற்றினால் 990. அப்போதுதான் உங்கள் இருவர் கூலி முழுதாக வருகிறது, தொழிலுக்கு என்று மீதி அங்கிருந்துதான் தொடங்கும்.

சூப்பர் மார்க்கெட் கணக்கையும் பார்த்துவிடுவோம். 60 ரூபாயில் 20 சதவீதம் போனால் உங்களுக்கு 48. கூடுதல் 60 கிலோவுக்கு இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். செலவு 2,400 கூட்டல் 450, மொத்தம் 2,850. வரவு 2,880. நாளைக்கு 30 ரூபாய்க்காக ஒருவர் கூடுதலாக வேலை செய்து, ஒரு பாக்கெட் உப்பினாலே நட்டம். அந்த விலைக்கு வேண்டாம்.

கடன் பக்கம் இன்னொன்று. 15 நாள் என்று சொல்பவர்கள் பில் பாஸ் ஆகி காசோலை வரும்போது 25 நாள் ஆக்குவது சகஜம். 60 பாக்கெட், 48 ரூபாய், 25 நாள் என்றால் 72,000 ரூபாய் வெளியே கிடக்கும். உளுந்துக் கடையில் உங்களுக்கு யாரும் 25 நாள் தவணை தரமாட்டார்கள்.

அரிசி விலையைக் குறைக்க ரேஷன் அரிசியைக் கலக்கச் சொல்லி யாராவது வருவார்கள். அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் வழக்கு ஆகும். கிலோவுக்குச் சில ரூபாய்க்காக அந்தப் பக்கமே போகாதீர்கள்.

---

ஈரக்கல்:

உப்பல் விஷயத்துக்கு நான் வரேன். மேல சொன்ன 9 ரிட்டர்னை 2 ஆக்கறது முழுக்க முழுக்கச் சூடு சம்பந்தப்பட்ட வேலை. மாவில் தப்பு இல்லை, நல்லாப் புளிக்கிற மாவாலதான் உப்புது.

அரைச்ச மாவில் லியூகோனாஸ்டாக் என்கிற பாக்டீரியா தானா வளரும். உளுந்திலயும் அரிசியிலயும் ஏற்கெனவே இருக்கிறதுதான் அது, கையால் கலந்தாத்தான் புளிக்கும்னு ஒண்ணும் இல்லை. புளிப்பையும் கரியமில வாயுவையும் சேர்த்தே அது உண்டாக்கும். இட்லி பூப்போல வர்றதும் அந்த வாயுவாலதான், கவர் பந்தாகறதும் அதாலதான். 30 டிகிரி பக்கம் ஜோரா வேலை செய்யும், 5 டிகிரிக்குக் கீழ கிட்டத்தட்ட தூங்கிடும். அரைச்சு முடிச்ச நேரத்துக்கும் 5 டிகிரி தொட்ட நேரத்துக்கும் நடுவில் எவ்வளவு மணி போச்சுங்கறதுதான் உங்க பாக்கெட்டோட தலையெழுத்து.

இப்போ உங்க வீட்டில் என்ன நடக்குதுன்னு பாருங்க. திருச்சி வெயில்ல கிரைண்டரை விட்டு இறங்கறப்ப மாவு 34, 35 டிகிரி இருக்கும். கல் உரசற சூடும் சேர்ந்துடும். அதை 40 பாக்கெட் போட்டு 190 லிட்டர் ஃபிரிட்ஜில் அடுக்கறீங்க. வீட்டு ஃபிரிட்ஜ் ஏற்கெனவே குளிர்ந்ததைக் குளிராவே வச்சிருக்கத்தான் செஞ்சது, 40 கிலோ சூட்டை இழுக்க இல்லை. கம்ப்ரசர் நிக்காம ஓடினாலும் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள மாவு பாதி பொங்கியிருக்கும். நீங்க ஒரு நாள் உப்பினதைக் கவனிச்சுப் பாருங்க, அடுக்கோட ஓரத்தில் இருந்தது நல்லா இருக்கும், நட்ட நடுவில் நாலு பக்கமும் மாவு பாக்கெட் சூழ்ந்து கிடந்ததுதான் முதல்ல ஊதும்.

செய்ய வேண்டியது:

முதல்ல குத்திப் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்குங்க. சில நூறு ரூபாய்தான். இது இல்லாம மத்ததைச் செஞ்சா குருட்டாம்போக்கு.

உளுந்து ஊறுறது ஒண்ணரை மணி நேரம் போதும், அதையும் ஃபிரிட்ஜுக்குள்ள ஊற வைங்க. ராத்திரி பூரா ஊறினா வழவழப்பு தண்ணியில் போயிடும், மாவு காணாது. அரைக்கிற தண்ணியில் ஒரு பங்கை ஐஸாப் போடுங்க. 10 கிலோ மாவு வர்ற அளவுக்கு 1 கிலோ ஐஸ் போட்டாலே மாவு சூடு பத்து டிகிரி வரைக்கும் இறங்கும். தண்ணி அளவில் அந்த ஐஸைக் கழிச்சுக்கணும், இல்லேன்னா நீர்த்துடும். ஐஸை நீங்களே குடிதண்ணியில் உறைய வைங்க. மீன் மார்க்கெட் பக்கம் கிடைக்கிற கட்டி ஐஸ் ஆகவே ஆகாது. சாப்பிட ஆகாத ஐஸில் நீல நிறம் சேர்க்கணும்னு விதி இருக்கு, ஆனா நிறம் இல்லைங்கறதுக்காக அது நல்ல ஐஸ்னு நம்பிடவும் முடியாது.

கல்லை விட்டு இறங்கறப்ப 24, 25 டிகிரி இருக்கணும். உடனே பாக்கெட் போட்டு, ஃபிரிட்ஜுக்கு முன்னாடி ஐஸ் தண்ணியில் இறக்குங்க. பெரிய டப்பில் தண்ணியும் ஐஸும் போட்டு, பாக்கெட்டைத் தட்டையா, நாலு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல இல்லாம, வாய் தண்ணிக்கு மேல நிக்கிற மாதிரி வச்சா 40, 45 நிமிஷத்தில் உள்ளே வரைக்கும் குளிர்ந்துடும். காத்தை விடத் தண்ணி அத்தனை வேகமாச் சூட்டை இழுக்கும். 40 பாக்கெட்டுக்கு 15 கிலோ ஐஸ் ஆகும், அரைக்கறப்பவே குளிர வச்சிருந்தா இன்னும் குறையும். துடைச்சு, நடுவில் விரல் அளவு இடைவெளி விட்டு ஃபிரிட்ஜில் வைங்க. அப்போ அந்த 190 லிட்டரே தாங்கும்.

கவர் பத்தி. 1 கிலோ மாவுக்கு ஒண்ணரை லிட்டர் கொள்ளுற கவர் வேணும். கச்சிதமாப் பிடிக்கிற கவர்ல போட்டா கொஞ்சம் வாயு வந்தாலே இறுகிடும். ஒழுகற பாக்கெட்ல பத்துக்கு எட்டு, சீல் போடற இடத்தில் மாவு பட்டதால ஒழுகறதுதான். ஸ்டார்ச் ஒட்டின பிளாஸ்டிக் உருகி ஒட்டவே ஒட்டாது, ஒட்டின மாதிரி நடிக்கும். நீளக் குழாய் வச்ச புனல்ல ஊத்துங்க, வாயை உலர்ந்த துணியால துடைங்க, ஒரு விரல் இடைவெளியில் ரெண்டு வரி சீல் போடுங்க. புதுசா கவர் மாத்தினா பத்து பாக்கெட்டைத் தலைகீழா ஒரு மணி நேரம் நிக்க வச்சுப் பாத்துட்டு மீதியைப் போடுங்க.

வாயு வெளியேற வால்வு வச்ச கவரும் கிடைக்குது. விலை ஜாஸ்தி. சூட்டைச் சரி பண்ணாம வால்வு கவர் வாங்கினா உப்பாது, ஆனா மாவு புளிச்சுத்தான் போகும். ஊசியால் ஓட்டை போடற வேலையெல்லாம் வேண்டாம், ஃபிரிட்ஜ் பூரா மாவாயிடும்.

இவ்வளவும் செஞ்சும் சில கடையில் மட்டும் உப்பினா, அந்தக் கடைக்காரர் ராத்திரி கூலரை அணைச்சுட்டுப் போறாருன்னு அர்த்தம். கரண்ட் பில்லுக்குப் பயந்து நிறையப் பேர் அதைச் செய்வாங்க, கேட்டா ஒத்துக்க மாட்டாங்க. சோதிக்க வழி இருக்கு. ஒரே தடவை அரைச்ச மாவில் ஆறு பாக்கெட்டுக்கு மார்க்கர்ல குறி போடுங்க. ரெண்டு உங்க ஃபிரிட்ஜ் ஓரத்தில், ரெண்டு நடுவில், ரெண்டு அந்தக் கடையில். மறுநாள் எது முதல்ல உப்புதுன்னு பாத்தாத் தப்பு உங்க பக்கமா, கடைப் பக்கமான்னு தெரிஞ்சுடும். கூலரை அணைக்கிற கடைக்கு ராத்திரி சரக்கு நிக்காத மாதிரி காலையில் ஒரு பங்கு, மூணு மணிக்கு ஒரு பங்குன்னு பிரிச்சுக் கொடுங்க.

இன்னொண்ணு. இப்படிக் குளிர வச்ச மாவு புளிக்காத மாவு. வாங்கிட்டுப் போய் அப்படியே இட்லி ஊத்தினா கல்லு மாதிரி வரும், உங்க மேலதான் பழி. "வெளியே வைத்து 6 முதல் 8 மணி நேரம் புளித்த பின் இட்லி ஊற்றவும்"னு கவர்லயே பெரிசா அடிங்க. வாசல்ல வாங்கறவங்க அன்னிக்கு ராத்திரியே இட்லி ஊத்தறவங்க, அவங்களுக்குப் புளிச்ச மாவைத் தூக்குல கொடுங்க. கடைக்குப் போறது எப்பவும் புளிக்காத மாவு. ரெண்டையும் கலக்காதீங்க.

திரும்பி வந்த மாவைப் புது மாவில் சேர்க்கறது, சோடா போட்டுப் புளிப்பை அமுக்கறது, ரெண்டும் கூடாது. பழைய மாவு ஒரு கரண்டி சேர்ந்தாலே புது மாவு ரெண்டு மணி நேரம் முன்னாடி புளிச்சுடும், நாளைக்கு இன்னும் நாலு ரிட்டர்ன்.

---

உறையூர்_அடுப்படி:

நடுவில் இருக்கிறதுதான் உப்புதுன்னு சொன்னீங்களே, இன்னிக்குப் போய்ப் பார்த்தேன், அச்சு அசல் அப்படியேதான். தெர்மாமீட்டர் ஆர்டர் போட்டாச்சு.

கணக்குப்பிள்ளை சார், ஆளுக்கு 175ன்னு படிச்சதும் நாத்தனார் ரொம்ப நேரம் பேசவே இல்லை. விலை ஏத்தினா வாசல்ல வர்றவங்க போயிடுவாங்களோன்னு பயமா இருக்கு. அப்புறம் கவர்ல என்னென்ன அச்சடிக்கணும்? இப்போ வெறும் பேரும் போன் நம்பரும்தான் ஸ்டிக்கர்ல இருக்கு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் (உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்) இன்னும் வாங்கல. அதுவும் சொல்லுங்க.

---

முத்திரை:

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இல்லாமல் கடைக்குப் பாக்கெட் போவதை இன்றோடு நிறுத்துங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பதிவு கடினமில்லை. அவர்களுடைய ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், அடையாளச் சான்றும் புகைப்படமும் இருந்தால் போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இடைத்தரகருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. 2011 விதிகளில் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் வரை பதிவு, அதற்கு மேல் மாநில உரிமம் என்று இருந்தது. நீங்கள் இப்போதே 10 லட்சத்தைத் தொடுகிறீர்கள். அந்த வரம்பின்படி 120 கிலோ போனால் உரிமம் பக்கம் வந்துவிடுவீர்கள். விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் நடப்பு வரம்பைப் பார்த்து அதற்கேற்பப் போடுங்கள். உரிமத்துக்குத் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, இடத்தின் வரைபடம் எல்லாம் கேட்பார்கள். மாவு தொடும் இருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவச் சான்று இருக்கட்டும்.

கவரில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், சேர்மானம் அதிக எடையிலிருந்து குறைவுக்கு என்ற வரிசையில், பச்சைச் சைவக் குறி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், தயாரித்தவர் பெயரும் முழு முகவரியும், நிகர எடை, எல்லா வரிகளும் உட்பட எம்.ஆர்.பி., தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், தொகுதி (பேட்ச்) எண், வைக்க வேண்டிய வெப்பநிலை, புகார் எண். ஊட்டச்சத்து அட்டவணை உங்களுக்குத் தேவையா என்பதை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். 1 கிலோ பாக்கெட்டில் எம்.ஆர்.பி.யே அலகு விலை, தனியாகப் போட வேண்டாம். அரைக் கிலோ போட்டால் கிராம் விலையும் அச்சடிக்க வேண்டும்.

தேதியையும் தொகுதி எண்ணையும் கவரோடு அச்சடிக்காதீர்கள். கவர் பத்தாயிரம் அடித்தால்தான் விலை படியும், தேதி தினம் மாறும். அதற்கு மட்டும் கையால் குத்தும் இங்க் ஸ்டாம்ப் போதும், குளிரிலும் ஈரத்திலும் அழியாத மை வேண்டும். ஐஸ் தண்ணீரில் இறக்கும் முறை வைத்தால் அழிகிற ஸ்டிக்கர் எதுவும் நிற்காது.

எடையில்தான் விற்க வேண்டும், லிட்டரில் வேண்டாம். மாவு பொங்கினால் அளவு மாறும், எடை மாறாது. தராசில் காலிக் கவரை வைத்துச் சுழியாக்கிவிட்டு நிரப்புங்கள், கவரின் எட்டு, பத்து கிராம் மாவுக் கணக்கில் சேரக்கூடாது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறையில் முத்திரை போட வேண்டும். பொட்டலமிடுபவர் பதிவும் அதே துறையில், தொடங்கிய 90 நாளுக்குள். ஆய்வு வந்தால் முதலில் பார்ப்பது தராசு முத்திரையைத்தான்.

ஜி.எஸ்.டி.: இட்லி, தோசை மாவுக்கு வரி 5 சதவீதம், 2017 நவம்பரில் குறைத்தது. சரக்கு விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. சூப்பர் மார்க்கெட் எண் கேட்டால் அவசரப்பட்டு காம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தில் சேராதீர்கள். 1 சதவீதம் என்று மலிவாகத் தெரியும். ஆனால் உங்கள் பில்லை வைத்து அவர்கள் உள்ளீட்டு வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது, அவர்கள் எண் கேட்டதன் நோக்கமே வீணாகும்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். பணம் வாங்கிக்கொண்டு செய்து தரும் போலித் தளங்கள் நிறைய, அரசுத் தளத்திலேயே செய்யுங்கள். அந்தச் சான்று இருந்தால் குறுந்தொழில் மின் இணைப்பு கேட்கலாம். வீட்டு மீட்டரில் வியாபாரக் கிரைண்டர் ஓடுவதை மின்வாரியம் கண்டால் அபராதம் பழைய மாதங்களுக்கும் சேர்த்து வரும்.

---

பில்லுக்குப்_பில்:

விலை ஏற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள் அக்கா. வாசல் வாடிக்கையாளர் ஐந்து ரூபாய்க்குப் போக மாட்டார், ஒரு நாள் புளித்துப் போனால்தான் போவார். முதலில் உப்பலை நிறுத்துங்கள், இரண்டு வாரம் சீராகப் போகட்டும், அதன் பிறகு புதுக் கவரோடு புது விலையும் வரட்டும். பழைய கவரில் விலையை மட்டும் அடித்துத் திருத்தினால் சண்டைதான். கூடவே அரைக் கிலோ பாக்கெட் 35 ரூபாய்க்குப் போடுங்கள். இருவர் மட்டும் இருக்கும் வீடுகள் அதைத்தான் எடுக்கும், கிலோ கணக்கில் உங்களுக்கு 70.

சூப்பர் மார்க்கெட்டை ஒரேயடியாக மறுக்க வேண்டாம், ஆனால் நிபந்தனை உங்களுடையதாக இருக்கட்டும். ஒரு கிளை மட்டும், தினம் 15 பாக்கெட், எம்.ஆர்.பி. 75. அவர்கள் 20 சதவீதம் எடுத்தால் உங்களுக்கு 60. ரிட்டர்ன் நூற்றுக்கு மூன்று வரை உங்கள் பொறுப்பு, மேலே போனால் அவர்கள் பொறுப்பு. கூலர் 24 மணி நேரமும் ஓட வேண்டும், வெப்பநிலையை உங்கள் ஆள் குத்திப் பார்க்கலாம். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி முத்திரை வாங்குங்கள். 75க்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள், அறுபதில் அவர்களுக்கு விற்பதைவிடச் சும்மா இருப்பது லாபம்.

மளிகைக் கடைக்கு ஒரே முறைதான்: பில்லுக்குப் பில். இன்றைய சரக்கு இறங்கும்போது நேற்றைய பில்லுக்குக் காசு. இரண்டு பில் சேர்ந்துவிட்டால் மூன்றாவது சரக்கு வண்டியை விட்டு இறங்கக்கூடாது. கடைக்காரர் முகம் கோணுவார், மறுநாள் தருவார். ஆறு பில் சேர விட்டால் பாக்கிக்குப் பயந்து வேறு ஆளிடம் மாவு வாங்க ஆரம்பிப்பார், பாக்கியும் போகும், கடையும் போகும். உத்யம் சான்று இருந்தால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, தாமதத்துக்கு வட்டியும் உண்டு. பெரிய கடைக்கு அது ஒரு பிடி. பெட்டிக்கடையில் அதைப் பேசிப் பயனில்லை.

இறக்கும்போது பழைய பாக்கெட்டை முன்னால் இழுத்து, புதியதைப் பின்னால் வையுங்கள். கடைப் பையன் செய்ய மாட்டான், கொண்டுபோகிறவர் கையாலேயே செய்ய வேண்டும். ரிட்டர்ன் பாதி இதில் குறையும்.

தினம் 40 என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள். சனிக்கிழமை மாலைதான் உச்சம், ஞாயிறு காலை இட்லிக்கு. அமாவாசை, கிருத்திகை, வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் விரதக்காரர் வீட்டில் பலகாரம்தான், மாவு நன்றாக ஓடும். பெரிய முகூர்த்த நாளில் தெருவே மண்டபத்தில் சாப்பிடும், அன்று பத்து பாக்கெட் குறையுங்கள். தினசரிக் காலண்டரில் கடை வாரியாகக் கொடுத்தது, திரும்பியது இரண்டையும் குறித்து வந்தால் சில மாதத்தில் உங்கள் கையே அளவு சொல்லும்.

பக்கத்து மெஸ், டிபன் கடைகளையும் ஏன் விட்டீர்கள்? பத்து கிலோ தூக்கில் மதியம் மூன்று மணிக்குக் கொடுத்தால் கவர் இல்லை, கடை லாபம் இல்லை, ரிட்டர்ன் இல்லை. கிலோ 52க்குக் கொடுத்தாலும் கடைக்கு 55க்குக் கொடுப்பதற்குச் சமம். தூக்கு மட்டும் உங்களுடையதாக, இரட்டையாக இருக்கட்டும், அவர்கள் கழுவித் தருவதை நம்பி அப்படியே மாவு ஊற்றக்கூடாது.

---

கணக்குப்பிள்ளை:

கடன் கேள்வி பாக்கி இருக்கிறது. 40 லிட்டர் கிரைண்டர் உங்களுக்கு இப்போது எதற்கு? 60 கிலோ மாவுக்கு அரிசி 22 கிலோ சொச்சம், உளுந்து ஐந்தரை கிலோ. பத்து லிட்டரில் அரிசி ஆறு தடவை, உளுந்து மூன்று தடவை. மொத்தம் ஐந்து மணி நேரம். இதே கல்லில் நேரத்தை நீட்டி 100 கிலோ வரை போகலாம். முட்டுக்கட்டை அரைப்பதில் இல்லை, குளிர வைப்பதில்தான். முத்ராவில் சிசு என்ற பிரிவு 50,000 வரை, அதற்கு மேல் கிஷோர் பிரிவு. சிசு அளவிலேயே ஒரு டீப் ஃப்ரீசர், தெர்மகோல் பெட்டிகள், காலால் மிதித்து சீல் போடும் மெஷின் எல்லாம் வந்துவிடும். தவணையும் சுமையாகாது.

மானியக் கடன் என்று பி.எம்.ஈ.ஜி.பி. பக்கம் போவதானால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஆனால் தொடங்கிய தொழிலுக்கு அது கிடைக்காது, புதுத் தொழிலுக்குத்தான். மானியமும் கையில் வராது, மூன்று ஆண்டு வங்கியில் உங்கள் பெயரில் டெபாசிட்டாகக் கிடந்து பிறகுதான் கடனில் கழியும். அதை நடைமுறை மூலதனம் என்று எண்ணி உளுந்து வாங்கத் திட்டம் போடுபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

---

உறையூர்_அடுப்படி:

டீப் ஃப்ரீசர் பழசு வாங்கலாமா? ஐஸ்கிரீம் கடை மூடினவர் ஒருத்தர் 300 லிட்டர் ஒண்ணு விக்கிறார். ஃப்ரீசர்ல வச்சா மாவு உறைஞ்சு போகாதா?

---

ஈரக்கல்:

உறையும். அதனால கூலராவும் மாத்தி ஓட்டற ரகமான்னு முதல்ல பாருங்க, உள்ளேயே ஒரு திருகு இருக்கும். மாவை 2லிருந்து 5 டிகிரிக்குள்ள வைக்கணும். உறைஞ்ச மாவு உருகினாத் தண்ணி தனியாப் பிரியும், பொங்கறதும் குறையும். ஃப்ரீசர் மட்டும்தான்னா ஐஸ் செய்ய வச்சுக்குங்க, அதுவே உங்களுக்குத் தேவைதான்.

பழசு வாங்கறப்ப காலியா ரெண்டு மணி நேரம் ஓட விட்டு உங்க தெர்மாமீட்டரை உள்ளே போட்டுப் பாருங்க. மூடியோட ரப்பர்ல நாலு பக்கமும் ஒரு தாளை வச்சு மூடி இழுங்க, லேசா வந்துட்டா ரப்பர் போச்சு, அதை மாத்தற செலவைப் பேரத்தில் கழிங்க. கம்ப்ரசர் ஓடி ஓடி நிக்கணும், நிக்காமலே ஓடிட்டிருந்தா கேஸ் குறைஞ்சிருக்கு, வேண்டாம். உள் சுவரில் துரு இருந்தா அதுவும் வேண்டாம். உங்க வீட்டு வோல்டேஜ் ராத்திரியில் எப்படி இருக்குன்னு பாத்துட்டு ஸ்டெபிலைசரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.